ஆறு கருமுட்டைகளும் இரண்டு இன்ஸாஃப்களும்

தாந்தா நகரில், தாய்மைக் கால நீட்டிப்பு ஆணையத்தின் வாசலுக்கு நேர் எதிரே குடை விரித்து, மடக்கு மேசை போட்டு, பதினொரு வருடமாக மனு எழுதிக்கொடுக்கிறேன். அதற்கு முன் இருபது வருடம் பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். ஒரு மனிதன் இருக்கிறான் என்பதற்கும் இல்லை என்பதற்கும் என்னென்ன காகிதம் வேண்டும் என்பது எனக்கு அத்துப்படி. உஸ்தாத் ஷிஹாத்தா, அதாவது நான், எழுதிய மனு திரும்பி வந்ததில்லை என்று நானே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவேன். இன்ஸாஃப் என்ற பெண்ணின் விஷயத்துக்குப் பிறகு அதை நிறுத்திவிட்டேன்.

ஆணையம் ஐந்து மாடிக் கட்டடம். நெற்றியில் 'அவசரம் வேண்டாம், நாங்கள் இருக்கிறோம்' என்று பச்சை எழுத்தில் போட்டிருக்கும். தாமதமாகக் கல்யாணம் ஆனவர்கள், புருஷன் வெளிநாட்டில் இருப்பவர்கள், இப்படிப்பட்ட பெண்களின் கருமுட்டைகளை எடுத்து உறையவைத்து, பிறகு வேண்டும்போது திருப்பிக் கொடுப்பது இவர்கள் வேலை. எடுப்பதில் கெட்டிக்காரர்கள். அதற்கு ஒரு மாடி போதும். மற்ற நாலு மாடிகளும் திருப்பிக் கொடுப்பதற்கானவை.

நான்காவது மாடியில் நன்மைகள் துறை. தரைக்குக் கீழே ஆபத்துகள் துறை. முட்டையைத் திரும்பக் கேட்கும் எந்தப் பெண்ணும் முதலில் மேலே ஏறி நன்மைகளைக் கேட்டுக் கையெழுத்துப் போட்டு, பிறகு கீழே இறங்கி ஆபத்துகளைக் கேட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். மின்தூக்கி வேலை செய்யாது. நாற்பது வயதுப் பெண்கள் மூச்சு வாங்க ஏறி, தாங்கள் இன்னும் இளமையாகத்தான் இருக்கிறோம் என்று தெரிந்துகொண்டு, இறங்கிப் போய், அப்படியெல்லாம் இல்லை என்றும் தெரிந்துகொண்டு, என் குடை நிழலில் வந்து உட்காருவார்கள்.

மே மாதத்தில் ஒருநாள் இன்ஸாஃப் அப்படித்தான் வந்து உட்கார்ந்தாள். பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கை விரலெல்லாம் சாக்பீஸ் தூள். ஒரு கடிதத்தை என் மேசையில் வைத்தாள்.

"இத கொஞ்சம் படிங்க உஸ்தாத். நான் படிச்சா வேற மாதிரி தெரியுது."

படித்தேன். 'தங்களுக்கு நாற்பத்தாறு வயது பூர்த்தியாகிவிட்டதால், நாற்பத்தைந்து என்னும் உச்ச வரம்பைத் தாங்கள் கடந்துவிட்டீர்கள். தங்கள் பெயரில் எட்டு வருடமாக உறைநிலையில் உள்ள ஆறு கருமுட்டைகள் ஜூன் முப்பது அன்று அப்புறப்படுத்தப்படும். இதனால் பிறருக்கு இடம் கிடைப்பதை முன்னிட்டுத் தங்களைப் பாராட்டுகிறோம்.' அடியில் அரசாங்கக் கழுகு முத்திரை.

"வேற மாதிரி எல்லாம் இல்லம்மா. இதேதான்," என்றேன்.

"எனக்கு நாப்பத்தாறு ஆகல உஸ்தாத். நாப்பத்திமூணுதான்."

"இங்க வர்ற எல்லாரும் அதத்தான் சொல்றாங்க."

அவள் கோபப்படவில்லை. பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தருகிற குரலில் சொன்னாள். அவளுக்கு முன்னால் அவள் பெற்றோருக்கு ஒரு பெண் பிறந்தது. இன்ஸாஃப் என்று பெயர் வைத்தார்கள். பதினாலு மாதத்தில் காய்ச்சலில் போய்விட்டது. அப்பா அந்தச் சாவைப் போய்ப் பதியவில்லை. ஒன்றரை வருடம் கழித்து இவள் பிறந்தாள். நல்ல பெயர், நல்ல காகிதம், எதற்கு வீணாக்க வேண்டும்? அக்காவின் பெயரையும் பிறப்புச் சான்றிதழையும் இவளுக்கே கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து காகிதத்தில் இவள் மூன்று வயது மூத்தவள்.

எனக்கு இது புதிதில்லை. பதிவு அலுவலகத்தில் இருந்தபோது நூறு தடவையாவது பார்த்திருப்பேன். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் இதை யாரும் பொய் என்று நினைப்பதில்லை, சிக்கனம் என்றுதான் நினைப்பார்கள்.

"இவ்வளவு நாள் ஏம்மா காத்திருந்த?"

"எங்க காத்திருந்தேன்? இருபது வயசுல அம்மா போயிட்டாங்க. நாலு தம்பிங்கள வளத்து ஆளாக்கறதுக்குள்ள முப்பத்திமூணு. கல்யாணம் ஆச்சு. ரெண்டு வருஷத்துல என் வீட்டுக்காரர் மஹ்ரூஸுக்கு குவைத்ல ஏசி மெக்கானிக் வேல. போறதுக்கு முன்னாடி இங்க கூட்டிட்டு வந்தாரு. 'இத பத்திரமா வெச்சுட்டுப் போறேன், வந்து பாத்துக்கலாம்'னாரு. ஜனவரிலதான் வந்தாரு. அந்த மாசமே மனு குடுத்தேன். நன்மையும் கேட்டுட்டேன், ஆபத்தும் கேட்டுட்டேன். முறை வரும்னாங்க. முறை வரல, ஏப்ரல் வந்துருச்சு, காகிதத்துல நாப்பத்தாறு ஆயிருச்சு."

நன்மைகள் துறையின் தலைவர் டாக்டர் ஷௌகத் அவளுக்குச் சொன்னதை அப்படியே ஒப்பித்தாள். ஷௌகத்தின் பேச்சை நானும் ஜன்னல் வழியாகப் பலமுறை கேட்டிருக்கிறேன். மனிதருக்குக் குரல் பெரிது.

"நாப்பதுக்கு மேல தாயாகறதுல எத்தன நன்மை தெரியுமா! பொறும இருக்கும். சொந்த வீடு இருக்கும். மாமியார் அநேகமா இருக்கமாட்டாங்க. வயசுங்கறது வெறும் எண்ணம்மா! என் துறையில இருக்கற இருபத்தஞ்சு வயசுப் பொண்ணுங்க எல்லாரையும் முட்டைய உறையவெச்சுட்டு வரச் சொல்லிட்டேன். பிரசவ லீவே கிடையாது இப்ப. வேல எப்படி ஓடுது பாருங்க!"

கீழே, ஆபத்துகள் துறையின் டாக்டர் ஃபிக்ரி மெல்லிய ஆள். சுவரைப் பார்த்துத்தான் பேசுவார்.

"ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, கரு கலையறது, கொறமாசப் பிரசவம். வரலாம். வராமயும் போகலாம். உறையவெச்ச முட்டை ஆறு இருந்தா ஆறு பிள்ளைன்னு நெனக்காதீங்க, ஒண்ணுகூட தங்காம போகலாம். வந்தப்புறம் நாங்க சொல்லலன்னு சொல்லக்கூடாது. அதுக்குத்தான் கையெழுத்து."

"என் உடம்புக்கு இதுல எது வரும் டாக்டர்?" என்று இவள் கேட்டிருக்கிறாள்.

"உங்க உடம்ப நான் பாக்கறதில்லம்மா. நான் ஆபத்துத் துறை."

"பிள்ளைக்கு இருபது வயசாகும்போது எனக்கு அறுபத்திநாலு. அப்ப நான் இருப்பேனா, இருந்தாலும் ஓடியாடிப் பாப்பேனான்னு தினம் யோசிக்கறேன். அதுக்கு என்ன சொல்றீங்க?"

டாக்டர் ஃபிக்ரி தன் பட்டியலை மேலிருந்து கீழ்வரை பார்த்தாராம். "அது ஆபத்துல வராது. அது எதிர்காலம். எதிர்காலத்துக்கு எங்ககிட்ட துறை இல்ல."

"பயமா இல்லையாம்மா உனக்கு?" என்று நான் கேட்டேன்.

"பயமாத்தான் இருக்கு உஸ்தாத். ஆனா பயப்படறதுக்காவது ஒண்ணு வேணும்ல?"

அந்த வார்த்தை என்னைப் பிடித்துக்கொண்டது. என் முன்னாள் உத்தியோகத் திமிரும் தலைதூக்கியது. "அழாத. வயசத் திருத்திக் குடுக்கறேன்," என்றேன். அவள் அழவே இல்லை. நான்தான் அப்படிச் சொன்னேன்.

திட்டம் சுலபமானது. அக்கா இன்ஸாஃபின் சாவைப் பதிய வேண்டும். அவளுடைய காகிதம் அவளோடு போய்விடும். பிறகு இந்த இன்ஸாஃப் இதுவரை பதியப்படாத ஆள் என்று மனு போட்டு, வயது நிர்ணயக் குழு முன் நின்று, நாற்பத்திமூன்று என்று புதுச் சான்றிதழ் வாங்க வேண்டும். இதைவிட அழகான மனுவை நான் வாழ்நாளில் எழுதியதில்லை. மூன்று பக்கம். ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது.

சாவைப் பதிய, அடக்கத்தைப் பார்த்த சாட்சி ஒருவர் வேண்டும். அவளுடைய அத்தையைக் கூட்டிக்கொண்டு கிராமத்துக் கபர்ஸ்தானுக்குப் போனோம். அத்தை ஒரு மூலையைக் காட்டினாள். கல் இல்லை, பெயர் இல்லை, புல் மட்டும் கொஞ்சம் உயர்ந்திருந்தது. இன்ஸாஃப் அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"இத்தன வருஷம் இவ காகிதத்துல நான் பொழச்சிருக்கேன். ஸ்கூல் போனது, வேலைக்குப் போனது, கல்யாணம் பண்ணது, எல்லாம் இவ கணக்குல. ஒரு தடவகூட வந்து பாக்கல," என்றாள்.

சாவைப் பதியும் சுகாதார அலுவலகம் இரண்டு மணிக்கு மூடிவிடும் என்பதால் கிளம்பச் சொன்னேன்.

"நாப்பத்தஞ்சு வருஷம் லேட்டு," என்றார் அங்கிருந்த எழுத்தர். "தாமதத்துக்குக் காரணம்?"

"துக்கம்," என்று எழுதச் சொன்னேன். எழுதிக்கொண்டார்.

வயது நிர்ணயக் குழுவில் மூன்று டாக்டர்கள். ஒருவர் பல்லைப் பார்த்து ஐம்பது என்றார். ஒருவர் முழங்காலைப் பார்த்து முப்பத்தெட்டு என்றார். மூன்றாமவர் எதையும் பார்க்காமல், "உங்களுக்கு எவ்வளவும்மா வேணும்?" என்று கேட்டார். நாற்பத்திமூன்று என்றாள். "நியாயமாத்தான் கேக்கறாங்க," என்று எழுதிக் கொடுத்தார்.

இதற்கிடையில் மஹ்ரூஸ், காகிதப்படி, மனைவியை இழந்தவனாகிவிட்டான். புது இன்ஸாஃபோ கல்யாணமாகாதவள்; கல்யாணமாகாத பெண்ணுக்கு ஆணையம் முட்டையைத் திருப்பிக் கொடுக்காது. ஆகவே ஜூன் பத்தாம் தேதி மறுபடியும் கல்யாணம். நானும் அவள் தம்பி ஒருவனும் சாட்சி. பள்ளிக்கூடத்து டீச்சர்கள் குலவை போட்டார்கள்.

"நாப்பத்தஞ்சு வருஷத்துக்கு முன்னாடி செத்தவள கட்டி பத்து வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன் உஸ்தாத். ஒரு நாள் சாப்பாட்டுல உப்பு கொறஞ்சதில்ல," என்றான் மஹ்ரூஸ்.

"இப்ப கட்டினவ உயிரோட இருக்கா. இனிமே பாத்துப் பேசுங்க," என்றாள் அவள். அன்றைக்குத்தான் அவள் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தேன்.

ஜூன் பதினைந்து. இறப்புச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், திருமணப் பத்திரம் மூன்றையும் எடுத்துக்கொண்டு ஆணையத்துக்குள் போனோம். நானும் கூடப் போனேன். வெற்றியைப் பார்க்க ஆசை, வேறென்ன. மூன்றாவது மாடியில் கோப்புகள் பிரிவு. மதாம் தவ்லத் அங்கே இருபத்தாறு வருடமாக உட்கார்ந்திருக்கிறார். மேசையில் ஒரு பூந்தொட்டி, ஒரு தேநீர்க் கோப்பை, கழுகு முத்திரை.

மதாம் மூன்று காகிதத்தையும் நிதானமாகப் படித்தார்.

"மப்ரூக், வாழ்த்துகள். வயசு நாப்பத்திமூணு. கல்யாணம் சரி. எல்லாம் சுத்தமா இருக்கு," என்றார். "உங்க முட்ட எங்க?"

"உங்ககிட்டதான் மதாம். ஆறு," என்றாள் இன்ஸாஃப்.

மதாம் அலமாரியிலிருந்து ஒரு கோப்பு எடுத்துப் புரட்டினார். "இந்த ஆறு, இந்த அடையாள எண் உள்ள இன்ஸாஃப்போடது. அவங்க செத்துட்டாங்க. நீங்கதான் சான்றிதழ் குடுத்துருக்கீங்க." இறப்புச் சான்றிதழைத் தட்டிக் காட்டினார். "உங்க எண்ணுல எங்ககிட்ட ஒரு முட்டையும் கெடையாது. விதி பதினேழு. உரியவர் இறந்தா இருபத்திநாலு மணி நேரத்துல அப்புறப்படுத்தணும். நீங்க சொல்லாததால நாங்க நாப்பத்தஞ்சு வருஷம் விதிய மீறியிருக்கோம். யாரு பதில் சொல்றது இதுக்கு?"

மூன்று பக்கம், அடித்தல் திருத்தல் இல்லாமல், நானே எழுதியது.

"மதாம், எட்டு வருஷத்துக்கு முன்னாடி எடுத்த முட்ட! பதினாலு மாசத்துல செத்த குழந்தகிட்டேருந்து எப்படி எடுக்க முடியும்?" என்று கத்தினேன்.

"அது மருத்துவக் கேள்வி உஸ்தாத். நான் கோப்பு."

மருத்துவக் கேள்வி என்றதால் நான்காவது மாடிக்கு ஏறினோம். டாக்டர் ஷௌகத் கேட்டுவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

"செத்து முப்பத்தேழு வருஷம் கழிச்சா? ஆறு முட்டையா? ஆரோக்கியமான முட்டையா? உலகத்துலயே யாரும் பண்ணல! மத்தவங்க நாப்பத்தஞ்சு, அம்பதுன்னு நீட்டிக்கிட்டிருக்காங்க. நம்ம ஆணையம் மரணத்தயே தாண்டிடுச்சு!" உடனே ஒரு மாநாட்டுக்குத் தேதி குறிக்கச் சொன்னார். இன்ஸாஃபின் கையைப் பிடித்துக் குலுக்கி, "உங்க அக்கா ஒரு முன்னோடிம்மா," என்றார்.

டாக்டர் ஃபிக்ரியிடம் இறங்கினோம். அவர் சுவரைப் பார்த்தபடி பேனாவை எடுத்து, ஆபத்துகள் பட்டியலின் கடைசியில், 'விண்ணப்பிப்பதற்கு முன்பே இறந்துபோதல்' என்று ஒரு வரி சேர்த்தார். "நல்லவேள சொன்னீங்க," என்றார்.

மனு நிலுவையில் இருந்தால் விதி பதினேழு காத்திருக்கும், அதுவும் ஜூன் முப்பதுவரைதான். ரத்தத்தை எடுத்து முட்டையோடு ஒத்துப் பாருங்கள் என்று மனு எழுதினேன். முட்டையைச் சோதிக்க உரியவரின் எழுத்துபூர்வ சம்மதம் தேவை, அவர் காலமாகிவிட்டபடியால் இயலாது என்று பதில் வந்தது. சரி, இறப்பையே ரத்து செய்யுங்கள் என்று எழுதினேன். ரத்து செய்ய இறந்தவர் நேரில் வர வேண்டும், அவர் அடையாள அட்டையோடு வர வேண்டும் என்று பதில் வந்தது. இறந்தவளின் உடன்பிறந்தவள் என்ற முறையில் வாரிசாகக் கொடுங்கள் என்றும் எழுதினேன். இதற்கு மட்டும் ஒரு குழுவைக் கூட்டினார்கள்.

குழுவில் ஷௌகத், ஃபிக்ரி, மதாம் தவ்லத், மார்க்க விளக்கத்துக்கு ஒரு வயதான ஷேக். வாரிசு உரிமையில் தடையில்லை என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். இன்ஸாஃபின் முகம் மலர்ந்தது. நான் மஹ்ரூஸின் தோளைத் தட்டினேன்.

"வாங்கிக்கலாம்," என்றார் மதாம். "ஆனா வெச்சுக்க முடியாது. ஒரு பொண்ணோட முட்டைய இன்னொரு பொண்ணுக்கு வெக்கறது கூடாது. ஷேக், நீங்க சொல்லுங்க."

"கூடாது. அக்காவோடதா இருந்தாலும் கூடாது," என்றார் ஷேக். பிறகு இன்ஸாஃபை நிமிர்ந்து பார்த்தார். அந்த ஐந்து மாடிக் கட்டடத்தில் அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்த முதல் ஆள் அவர்தான். "ஆனா இது இந்தம்மாவோடதேதானே? இந்த உடம்புலேருந்துதானே எடுத்தீங்க?"

ஷௌகத் மாநாட்டு அழைப்பிதழைத் திருத்திக்கொண்டிருந்தார்.

"ஆமாங்க, என்னோடதுதான்," என்றாள் இன்ஸாஃப். "மஹ்ரூஸ் வெளியில உக்காந்திருந்தாரு. நான் அழுதேன்னு ஒரு நர்ஸ் சர்க்கர போட்டு டீ குடுத்தாங்க. எண்ணிச் சொன்னாங்க, ஆறுன்னு."

"காகிதத்துல அப்படி இல்ல," என்றார் மதாம்.

"காகிதத்துல இல்லன்னா நான் என்னம்மா சொல்றது," என்றார் ஷேக். எழுந்து போய்விட்டார்.

ஷௌகத் மட்டும் ஒரு யோசனை சொன்னார். "நாப்பத்திமூணுதானே ஆகுது உங்களுக்கு? காகிதத்துல ஒரு தடவகூட முட்ட எடுக்காத உடம்பு! இப்பவே எடுத்து உறையவெச்சுடுங்க. அவசரமே இல்ல." அதை நம்பி அவள் போனாள், பரிசோதித்தார்கள். எடுப்பதற்கு ஒன்றுமில்லை என்றார் டாக்டர். இந்த ஒன்றை மட்டும் அந்தக் கட்டடத்தில் ஒரே நாளில் சொல்லிவிட்டார்கள்.

ஜூன் முப்பது காலை. மூன்றாவது மாடி. மஹ்ரூஸ் வரவில்லை. கட்டடத்தைக் கொளுத்திவிடுவேன் என்று சொல்லி, படிக்கட்டிலேயே உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். நான் இன்ஸாஃபிடம் இரண்டு வாரமாகச் சொல்ல நினைத்ததைச் சொன்னேன்.

"என்ன மன்னிச்சிரும்மா. நான் வாய வெச்சுக்கிட்டு சும்மா இருந்திருந்தா, நாப்பத்தாறுக்கு ஏதாவது சிபாரிசு புடிச்சிருக்கலாம். நான்தான் கெடுத்தேன்."

"நீங்க உண்மையத்தான எழுதினீங்க உஸ்தாத்," என்றாள். அதைவிட அவள் என்னைத் திட்டியிருக்கலாம்.

மதாம் தவ்லத் ஒரு படிவத்தை நீட்டினார். "வாரிசு ஒப்புதல். கையெழுத்துப் போட்டா மரியாதையோட அப்புறப்படுத்துவோம். போடலன்னா சும்மா அப்புறப்படுத்துவோம்."

இன்ஸாஃப் படிவத்தைப் படித்தாள். "அக்காவ அப்பா ஒரு காகிதமும் இல்லாம பொதச்சாரு," என்றாள். "இதுக்காவது இருக்கட்டும்." பேனாவை எடுத்து, பிள்ளைகளின் நோட்டில் போடுவதுபோல் தெளிவாகத் தன் பெயரை எழுதினாள்.

மதாம் படிவத்தை வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு, பழைய கோப்பைத் திறந்தார். எட்டு வருடத்துக்கு முன் முட்டை எடுத்த அன்று போட்ட கையெழுத்து அதில் இருந்தது.

"எதுக்கு மதாம் அது?" என்றேன்.

"விதி. கடைசிக் கையெழுத்து, முதல் கையெழுத்தோட ஒத்துப்போகணும். யாராவது ஏமாத்திட்டா?"

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். இரண்டு தாளையும் அருகருகே வைத்து, விரலை வைத்து, எழுத்து எழுத்தாகப் பார்த்தார். இன்ஸாஃபும் குனிந்து பார்த்தாள்.

"ஒத்துப்போகுது," என்றார் மதாம். "சந்தேகமே இல்ல. ரெண்டும் ஒரே ஆளுதான்."

"இன்னொரு தடவ சொல்லுங்க மதாம்," என்றாள் இன்ஸாஃப்.

"ஒரே ஆளுதான்னு சொன்னேன். காது கேக்கலையா?" என்று சொல்லி, கழுகு முத்திரையை எடுத்துப் படிவத்தில் ஓங்கிக் குத்தினார்.